பட்டறிவின் சம்பளம்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அப்படித் தெரிந்துகொண்டதையே தகுதியாகக் கொண்ட வேலை ஒன்று உண்டு: மனநோயிலிருந்து மீண்டவர், இப்போது அதில் இருப்பவருக்குத் துணை நிற்பது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1999-இல் இதை மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது.

இந்த வேலையில் நான் ரசிப்பது அளவறிதல். லித்தியம் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிட்டால் கை நடுங்கலாம். அது தெரிந்தவர் ஒன்றும் சொல்லாமல் கோப்பையில் பாதிக்குத்தான் காபி ஊற்றுவார். "மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்டால் உபதேசம் வராது. "எனக்கும் தோணியிருக்கு" என்பார், அவ்வளவுதான். மிச்சக் கதையை விழுங்கிவிட்டு, டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றைக் கூடவே உட்கார்ந்து எழுதவைப்பார். சொந்தக் கதையை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமமே இருக்கிறது.