நான்கு எண்களில் ஓர் உலகம்

கொச்சியை அடுத்த ஏலூரில், உத்யோகமண்டல் தபால் நிலையத்தின் பின்கோடு 683501. முதலில் உள்ள 6 தமிழகத்தையும் கேரளத்தையும் சொல்லும். 68 கேரளத்துக்குள் கொண்டுபோகும். படிக்கப் படிக்க ஊர் நெருங்கி வரும். நான்கு எண்கள் கொண்ட இணைய முகவரி அப்படி இல்லை. முதல் இரண்டு எண்களை மட்டும் பாருங்கள்: 128.214 ஹெல்சிங்கி, 128.250 மெல்போர்ன், 128.252 அமெரிக்காவின் செயின்ட் லூயி. ஊரைப் பார்க்காமல் கேட்டவர்களுக்கு வழங்கிய எண்கள் இவை. இந்த விசித்திர வரைபடத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு கோப்புகளைத் தேடிப் போனவர்களின் வித்தை என்னை என்றும் கவர்ந்தது.

கோப்பை எடுத்துவரும் எஃப்.டி.பி. முறையை 1971 ஏப்ரலில் எழுத்தில் வகுத்தவர் அபய் பூஷண், ஐ.ஐ.டி. கான்பூரின் முதல் அணி மாணவர், அப்போது எம்.ஐ.டி.யில் இருந்தார். பொதுக் கோப்புக் கிடங்குகளில் பயனர் பெயராக 'அனானிமஸ்', கடவுச்சொல்லாக நம் மின்னஞ்சல் முகவரி. அவ்வளவுதான், கதவு திறக்கும். பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். 1983இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த வசதி இல்லாத கணினிகள் பல ஆண்டுகள் இருந்தன. ஆகவே கிடங்குப் பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் எண்ணையும் போடுவார்கள்.

எண் தெரியாவிட்டால்? அப்போதெல்லாம் மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். அமெரிக்காவின் வைட்னர் பல்கலைக்கழகக் கணினி ஒன்றுக்குக் கிடங்கின் பெயரை எழுதி அனுப்பினால் எண் பதிலாக வரும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் மின்னஞ்சல் சேவையோ கோப்பையே எடுத்து, எழுத்துகளாக மாற்றி, துண்டு துண்டாக அனுப்பிவைக்கும். நம் நாட்டில் 1986இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பில், தொலைபேசி வழி மின்னஞ்சல் மட்டுமே எட்டிய இடங்களுக்கு இத்தகைய சேவைகள்தான் வழி. அமெரிக்காவுக்குப் போன ஆரம்பகாலத் தடத்தின் வேகம் நொடிக்கு 9,600 பிட். வேறு யாருமே அதைத் தொடாவிட்டாலும் ஒரு மெகாபைட் வந்துசேர 14 நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதனால் எந்தக் கிடங்கு என்று தேர்வதில்தான் ரசனை இருந்தது.

1990இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ஆர்ச்சி, கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் கிடங்குகளையெல்லாம் வரிசையாகக் காட்டும்: பெயர், அடைப்புக்குறிக்குள் எண், அடைவு, அளவு, தேதி. அந்நாளில் தேர்ந்தவர் கண் எண்ணில் நிற்கும். முதல் எண் 128 முதல் 191க்குள் என்றால் முதல் இரண்டும் நிறுவனம். பின்னிரண்டும் அதன் உள்விவகாரம். 18 என்று தொடங்கினால் எம்.ஐ.டி.; கட்டற்ற குனூ மென்பொருள்கள் 18.71.0.38இல். 144.16 கண்ணில் பட்டால் நம் எர்நெட், கடல் தாண்ட வேண்டியதில்லை. அப்புறம் கடிகாரம். சென்னையில் நண்பகல் என்றால் செயின்ட் லூயியில் நள்ளிரவு தாண்டியிருக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பெருங்கிடங்கான 128.252.135.4ஐத் தட்ட அதுவே நல்ல நேரம். தங்கள் அலுவலக நேரத்தில் வராதீர்கள் என்று கிடங்குக்காரர்களே கேட்டுக்கொள்வதும் உண்டு. அதை மதித்து நடந்தவர்களைத்தான் நான் கலைஞர்கள் என்பேன்.

செயின்ட் லூயி கிடங்கு பெரியதுதான். ஆனாலும் என் முதலிடம் பின்லாந்தின் ஃபூனெட் கிடங்குக்கு, 128.214.6.100. 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸின் இயங்குதளம் அங்கேதான் முதலில் வைக்கப்பட்டது. அவர் விரும்பிய பெயர் ஃப்ரீயாக்ஸ். கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஆரி லெம்கே அடைவுக்கு லினக்ஸ் என்று பெயரிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தமிழுக்கும் இந்த வரைபடத்தில் இடம் உண்டு. 128.95 என்றால் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். செயின்ட் லூயியின் பல்கலைக்கழகத்துக்கும் பெயர் ஏறக்குறைய இதுவே, எண் மட்டும் குழப்பாது. சியாட்டிலில் இருந்த தாமஸ் ரிட்ஜ்வே, 'டெக்' (TeX) என்னும் அச்சுக்கோப்பு முறைக்காக 'டபிள்யூஎன்-தமிழ்' எழுத்துருவை வடித்து இலவசமாகக் கொடுத்தார். யூனிகோடில் தமிழ் பரவலாவதற்கு முன்பே கணினியில் தமிழை அழகாக அச்சிட வழி செய்தவர்களில் அவரும் ஒருவர்.

குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள் 2021இல் எஃப்.டி.பி.யைக் கைவிட்டன. அந்நாளில் கல்லூரிக் கணினி மையங்களில் இருந்தவர்கள் அச்செடுத்து வைத்த கிடங்குப் பட்டியல்கள், கையால் எண் எழுதிய நோட்டுகள் பரணில் எங்காவது இருக்கும். பழைய தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஸ்கேன் செய்து இணைய ஆவணகமான ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றிவிடுங்கள்.