கண் இருக்கிறது, காது இல்லை

2025 டிசம்பர் 31 அன்று டெலிவரி ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த சில நாள்களில் சொமேட்டோ, பிளிங்கிட் இரண்டுக்கும் தலைவராக இருந்த தீபிந்தர் கோயல் நீண்ட விளக்கங்கள் எழுதினார். வண்டியை விரட்டுவதால் பத்து நிமிட டெலிவரி நடப்பதில்லை, வீட்டுக்குப் பக்கத்திலேயே டார்க் ஸ்டோர் என்ற கிடங்கு இருப்பதால் நடக்கிறது, ரைடரின் செயலியில் வாடிக்கையாளருக்குச் சொன்ன நேரம் தெரிவதே இல்லை என்பது அவர் வாதம். 2022 மார்ச்சில் சொமேட்டோவின் பத்து நிமிட உணவுத் திட்டம் அறிவிக்கப்பட்டு, சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை விளக்கம் கேட்ட சமயத்திலும் இதையேதான் சொன்னார்கள். 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் அமைச்சர் தலையிட்டார். ‘பத்து நிமிடம்’ என்ற விளம்பர வாசகம் போயிற்று. பலர் இதை வெற்றி என்கிறார்கள். நோயை விட்டுவிட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றியிருக்கிறோம் என்றே நான் நினைக்கிறேன்.

செயலி ரைடர்களைக் கண்காணிப்பதால் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. விபத்து என்றால் ரைடர் எங்கே கிடக்கிறார் என்பது ஜிபிஎஸ்ஸால் தெரிகிறது. இடைத்தரகர் கைபடாமல் கூலி வங்கிக் கணக்குக்கு வருகிறது. சிபாரிசு கேட்காமல் வேலை கிடைக்கிறது. மனித மேலாளர்கள் எல்லாரும் இரக்கமுள்ளவர்கள் என்ற மயக்கமும் எனக்கில்லை. கடை ஊழியர்கள் உட்கார ஒரு இருக்கை போடவே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது, தி.நகர் ஜவுளிக்கடைகளில் கால் வீங்க நின்ற பெண்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அவசியம் தெரியும்.

ரைடரின் திரையில் கடிகாரம் இல்லை என்று கோயல் சொல்வதையும் ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வோம். ஆர்டரை ஏற்றேன், கடைக்கு வந்துவிட்டேன், பார்சலை வாங்கிவிட்டேன், வாசலுக்கு வந்துவிட்டேன், கொடுத்துவிட்டேன் என்று ஒவ்வொன்றையும் ரைடர் திரையில் பதிய வேண்டும். இத்தனை மணி நேரம் லாகினில் இருந்து, இத்தனை ஆர்டர் முடித்தால்தான் இன்சென்டிவ். எண்ணிக்கைக்குக் கூலி என்று ஆக்கிவிட்ட பிறகு நேரத்தை அவரே எண்ணிக்கொள்வார். நிறுவனம் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் என் நெடுநாள் ஆட்சேபம் வேகத்தைப் பற்றியது அல்ல. ஒருவரின் ஒவ்வொரு அசைவையும் பார்க்கிற நிர்வாகம், அவர் வாய் திறந்தால் கேட்பதற்கு ஓர் ஆளை வைக்கவில்லை என்பதுதான்.

அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் இரவு எட்டு மணிக்கு நின்று பார்த்தால் இது விளங்கும். வண்டியை வெளியிலேயே விடச் சொல்கிறார் வாட்ச்மேன். நோட்டில் பெயர், ஃபிளாட் எண், போன் நம்பர் எழுத வேண்டும். மேலே கேட்டுவிட்டு அனுப்புகிறேன் என்கிறார். மேலே யாரும் எடுப்பதில்லை. விட்டாலும் சர்வீஸ் லிஃப்ட்தான், அதில் தண்ணீர் கேன் ஏறிக்கொண்டிருக்கிறது. செயலிக்குத் தெரிவதெல்லாம் ஒரு புள்ளி நகராமல் நிற்கிறது என்பது மட்டுமே. அறுபத்துமூவர் திருவிழா அன்று மயிலாப்பூர் மாட வீதிகளுக்குள் சைக்கிள்கூட நுழைய முடியாது. லஸ் முனையிலும் பனகல் பூங்கா அருகிலும் மெட்ரோ பணிக்காக வழி மாறி மாறி, ஊர்க்காரர்களே தடுமாறுகிறார்கள். தெருவில் நிற்கிறவருக்குக் கண்ணெதிரே தெரிகிற காரணத்தை யாரிடம் சொல்வது? உதவிப் பகுதியைத் திறந்தால் முன்கூட்டியே எழுதிவைத்த காரணங்களின் பட்டியல் வருகிறது. தன் காரணம் அதில் இல்லாவிட்டால், பொருந்தாத ஒன்றைத் தொட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

தாமதம் என்றால் ஒரு ஆர்டரோடு போய்விடும். ‘பொருள் வரவில்லை’ என்று வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் ஐடி பிளாக் ஆகிறது, மறுநாள் சோறு போகிறது. மாதந்தோறும் சுமார் 5,000 பேரை, பெரும்பாலும் மோசடிக்காக, நீக்குகிறோம் என்று கோயலே ஒரு பேட்டியில் சொன்னார். அத்தனை பேரும் மோசடிக்காரர்களாகவே இருக்கட்டும். எதிரில் உட்கார்ந்து அவர்கள் தரப்பைக் கேட்டது யார்? வீட்டு வேலைக்கு வருகிறவர்மேல் திருட்டுப் பட்டம் கட்டுவதற்கு முன்னால்கூட ஒரு வார்த்தை கேட்போம். இங்கே அந்தக் குறைந்தபட்ச மரியாதையும் இல்லை. செலவை மிச்சப்படுத்த வேண்டுமென்றே விட்டுவைத்த இடைவெளி இது என்றே நான் நம்புகிறேன். கேட்பதற்கு ஆள் வைத்தால் சம்பளம் தர வேண்டும். கேட்ட பிறகு பதிலும் சொல்ல வேண்டும்.

பேச இடமில்லாதபோது தெருவுக்கு வருவார்கள். 2020 ஆகஸ்டில் ஒரு ஆர்டருக்கான அடிப்படைக் கூலி 35 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைந்ததை எதிர்த்துச் சென்னை ஸ்விக்கி ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2022 செப்டம்பரில் வேலை நேரமும் ஊதியமும் மாற்றப்பட்டபோது மீண்டும் நிறுத்தினார்கள்.

இந்த நகரம் இதை முன்பே பார்த்திருக்கிறது. 1918இல் அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா பெரம்பூருக்குப் போய் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களிடம் பேசினார். மதிய உணவு இடைவேளை சாப்பிடவே போதவில்லை என்பது அவர் கேட்ட முதல் குறைகளில் ஒன்று. திரு.வி.க.வும் சேர்ந்து உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வேலையே அந்தக் குறைகளை நிர்வாகத்தின் காதில் போடுவதுதான். ஆலை மேஸ்திரி கொடுமைக்காரராக இருந்திருக்கலாம்; ஆனால் அவருக்கு ஒரு முகம் இருந்தது, முறையிட அவருக்கு மேலே ஒரு துரை இருந்தார்.

கர்நாடகம் 2025இல் செயலி ஊழியர்களுக்காக இயற்றிய சட்டம், ஒருவரை நீக்குவதற்கு முன் காரணத்தை எழுத்தில் தெரிவித்து 14 நாள் அவகாசம் தரச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் அமைந்த கிக் தொழிலாளர் நல வாரியம் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறது. விபத்து நிவாரணமும் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவியும் நல்லவைதான். ஆனால் ஐடியை ஏன் பிளாக் செய்தாய் என்று நிறுவனத்தைக் கேட்பது அதன் வேலையாக இல்லை. 2025இல் மாநகராட்சி அண்ணா நகரிலும் தி.நகரிலும் ரைடர்களுக்கு ஏசி ஓய்வறைகள் கட்டியது. உட்கார இடம் கொடுத்த அரசு, அதே அறையில் ஒரு மேசை போட்டு, தமிழ் பேசுகிற, ஐடியைத் திறந்துவிடும் அதிகாரமுள்ள ஓர் அலுவலரை ஒவ்வொரு நிறுவனமும் தினமும் உட்காரவைக்க வேண்டும் என்று உத்தரவிடலாம். இதற்குப் புதுக் கட்டடம்கூடத் தேவையில்லை.