தோற்றால் கோச்சை மாற்று

கோப்பாய்ச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கிற நாலு பழைய மாணவர்களிடம் கல்லூரி உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கதை கோல் அடித்த பெடியனில் தொடங்கிக் கோச்சில் வந்து நிற்கும். "உவரை ஆர் கொண்டுவந்து போட்டது?" என்று ஒருவர் கேட்டால் போதும், வீட்டுக்குப் போகிற நேரம் எல்லாருக்கும் மறந்துவிடும்.

இதை வெட்டிக் கதை என்று தள்ள நான் தயாரில்லை. பல பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியரே பயிற்றுநர். அவருக்கு இடமாற்றம் வந்தால் அணிக்கு ஆள் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தி, மாதக் கொடுப்பனவுக்கு வழி செய்பவை பெரும்பாலும் பழைய மாணவர் சங்கங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருந்து காசு அனுப்புகிறவர் கணக்குக் கேட்பது நியாயம். மைதானப் பக்கமே வராத பயிற்றுநரும், செல்வாக்கால் அணிக்குள் நுழைந்த பிள்ளையும் வெளிச்சத்துக்கு வருவது இந்தச் சந்திக் கதைகளால்தான்.

பிழை, அளவுகோலில் இருக்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் 'வடக்கின் போர்' துடுப்பாட்டம் நமக்கு ஒரு பழக்கத்தைத் தந்திருக்கிறது: ஒரு ஆட்டமே ஒரு வருடத்தின் தீர்ப்பு. அதே கண்ணோடு உதைபந்தாட்டத்தையும் பார்க்கிறோம். இறுதியாட்டத்தில் பெனால்டி வெளியே போனால், பந்தை உதைத்தவனுக்கு ஆறுதல், பயிற்றுநருக்குப் பிரியாவிடை.

அந்தப் பயிற்றுநரின் ஒரு மாலையைப் பாருங்கள். மூன்றரைக்குப் பயிற்சி தொடங்கும். நாலரைக்கு உயர்தரப் பெடியள் இரண்டு பேர் பூட்ஸைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ரியூசனுக்குப் போவார்கள். கோல் காப்பாளன் அன்று வரவே இல்லை, அம்மா விடவில்லை. மிஞ்சியவர்களை வைத்து அவர் எந்த வியூகத்தைப் பழக்குவது? இந்தக் கேள்வியைச் சந்தியில் யாரும் கேட்பதில்லை. அங்கே நடப்பது 'எங்கட பள்ளிக்கூடத்து ஆள்', 'வெளியாள்' என்ற வழக்கு மட்டும்தான்.

இலங்கைத் தேசிய அணியின் பயிற்றுநர் விடயத்திலும் இதே வழக்குத்தான், 'உள்ளூரா, வெளிநாடா' என்று. 2018இல் பக்கீர் அலி, 2020இல் அமீர் அலாகிச், 2022இல் அன்டி மொரிசன், 2024இல் அப்துல்லா அல்முதைரி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பட்டிமன்றம். இதற்கிடையே 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை ஃபிஃபா இலங்கையைத் தடை செய்திருந்தது. அந்த மாதங்களில் உலகத்தின் மிகச் சிறந்த பயிற்றுநர் கொழும்பில் இருந்திருந்தாலும் அணிக்குச் சர்வதேச ஆட்டம் ஒன்றுகூடக் கிடைத்திராது. நிர்வாகத்தின் கோளாறை ஆள்மாற்றம் தீர்க்காது.

ஆகவே ரசிகர்கள் வாயை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்கிற கேள்வியை மாற்றினால் போதும். பதினாறு வயதுக்குட்பட்ட அணியையும் வருகிற பயிற்றுநரிடமே கொடுக்கிறோமா? அணித் தெரிவில் இறுதிச் சொல் இவருடையதா, அதிபருடையதா? பரீட்சைக் காலப் பயிற்சி நேரத்தைப் பெற்றோருடன் யார் பேசி முடிப்பது? சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் புதிய பயிற்றுநரின் பெயர் முன்மொழியப்பட்டால், கை உயர்த்துமுன் இந்த மூன்றுக்கும் பதில் கேளுங்கள். நியமனக் கடிதத்தில் குறைந்தது மூன்று வருடம் என்று எழுதச் சொல்லுங்கள்.