எச்சரிக்கைப் படம் எட்டாத இடங்கள்

சிகரெட் பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் 2009 மே 31 அன்று வந்தபோது, முன்பக்கத்தில் 40 சதவீத இடம்தான் அதற்குக் கிடைத்தது. 2016 ஏப்ரலில் இருபுறமும் 85 சதவீதமானது. உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் போனார்கள்; அப்படியும் படம் நின்றது. மருத்துவர்களும், தொண்டு அமைப்புகளும், புகையிலையால் புற்றுநோய் கண்டவர்களும் சலிக்காமல் வாதாடிப் பெற்ற வெற்றி இது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும் என்பதே அவர்கள் வாதத்தின் உயிர்.

அந்த வாதம் பொய்க்கவில்லை. படத்தைப் பார்த்து விட்டுவிட நினைத்ததாக 2016-17 தேசிய ஆய்வில் சிகரெட் பிடிப்பவர்களில் 62 சதவீதத்தினர் சொன்னார்கள். 2009-10இல் சொன்னவர்கள் 38 சதவீதம்தான். இதே காலத்தில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆகக் குறைந்தார்கள். படம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அதன் பங்கை மறுக்கவும் முடியாது.

ஆனால் அதே ஆய்வில் தமிழ்நாட்டுக் கணக்கு வேறு. இங்கே 16.2 சதவீதம் 20 ஆக ஏறியிருக்கிறது. அதே சட்டம், அதே படம். இந்த எண்ணை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

பெட்டிக்கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பலரும் வாங்குவது பாக்கெட் அல்ல, ஒற்றை சிகரெட். கடைக்காரர் உருவிக் கொடுக்கிறார், கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போகிறார்கள். 85 சதவீதப் படமும் கடைக்காரர் பக்கத்திலேயே இருந்துவிடுகிறது. கைச்செலவுக் காசில் வாங்கும் மாணவன்தான் இதில் முதலில் தப்பிப்போகிறான். மகாராஷ்டிரம் 2020இல் சில்லறை விற்பனைக்குத் தடை போட்டது. பாக்கெட்டின் அட்டைக்காகப் போராடிய அளவுக்கு நாம் இதற்காகப் போராடவில்லை.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. திருநெல்வேலி, தென்காசி வீடுகளில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களுக்கு இந்தப் பிரசாரம் என்ன சொல்கிறது? நாள் முழுக்கப் புகையிலைத் தூளைக் கையாள்பவர்கள் அவர்கள். மகளின் படிப்புச் செலவும் குழுக் கடன் தவணையும் அந்தக் கூலியில்தான் போகின்றன. பீடி விற்பனை குறைந்தால் முதலில் அடுப்பு அணைவது அவர்கள் வீட்டில். இந்தியா 2004இல் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, இத்தகைய தொழிலாளர்களுக்கு மாற்றுப் பிழைப்பை ஊக்குவிக்கச் சொல்கிறது. எச்சரிக்கை பற்றிய 11ஆம் பிரிவுக்குக் கிடைத்த குரல் 17க்குக் கிடைக்கவில்லை. புகைப்பவரின் நுரையீரலைப் பார்த்த கண், பீடி சுற்றுகிறவரின் வயிற்றைப் பார்க்கத் தவறியது.

படம் இருக்கட்டும்; ஒரு சதவீதம்கூடக் குறையக் கூடாது. அடுத்த மனுவில் இரண்டு கோரிக்கைகளைச் சேர்த்து எழுதுங்கள்: ஒற்றையாக விற்கத் தடை, பீடி சுற்றும் பெண்களுக்குக் கூலி குறையாத வேறு வேலை. அந்த மனுவில் அவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.