திருடப்பட்ட கடவுளும் பூட்டப்பட்ட கடவுளும்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கிழவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, சாமிய இங்க கொண்டாந்து வச்சிருக்காங்களே, வெளக்கு யாரு போடுவா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நம்முடைய கலை விமர்சனத்துக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

அவளுக்கு அது சாமி. கலை வரலாற்றுக்குச் சோழர் காலப் படைப்பு, சந்தைக்குச் சரக்கு, போலீசுக்கு வழக்குச் சொத்து. பெயர் மாறும்போது உரிமையும் கை மாறிவிடுகிறது. சிலைத் திருட்டு பற்றிய நம் பேச்சு முழுவதும் கடைசி மூன்று பெயர்களுக்குள்ளேயே சுற்றிவருகிறது. திருடன் வெளிநாட்டில் விற்றான், அரசு மீட்டது, தலைவர்கள் பெற்றுக்கொண்டார்கள், படம் பத்திரிகையில் வந்தது. அதோடு சுபம்.

இந்தக் கதையாடலின் மூலப்பிரதி என்று பத்தூர் நடராஜரைச் சொல்லலாம். 1976-ல், பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், நிலமற்ற விவசாயக் கூலி ஒருவர் மாட்டுக்கொட்டகை போடப் பள்ளம் தோண்டியபோது மண்வெட்டியில் செப்புத் திருமேனிகள் தட்டுப்பட்டன. பக்கத்தில் இருந்தது இடிந்துபோன விசுவநாதசாமி கோயில். நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். 1982-ல் பம்பர் என்ற கனடியக் கம்பெனி அவரை இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. செப்பனிடுவதற்காக பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. வழக்கில் இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமல்ல, இடிந்த கோயிலும் அங்கே மிஞ்சியிருந்த சிவலிங்கமும் உரிமை கோரின. 1991-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்காடும் தகுதி கோயிலுக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.

கல்லுக்கும் இடிபாட்டுக்கும் வாய் கொடுத்த இந்தத் தீர்ப்பை நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இந்தப் பிரதியில் காணாமல் போனவர் ஒருவர் உண்டு. அவர் மண்வெட்டி பிடித்த அந்தக் கூலி. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அவரைக் குற்றவாளியாக்க மட்டும் நினைவு வைத்திருக்கிறது. நிலமில்லாமல் இருப்பது என்றால் என்ன என்பதை, 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட அந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்த நடராஜர் பத்தூர் வழிபாட்டுக்குப் போகவில்லை. திருவாரூர்க் கோயில் வளாகத்திலுள்ள திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். டெல்டா கிராமங்களின் எத்தனையோ சாமிகள் இப்படித்தான் இரும்புக் கதவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. திருவிழா என்றால் சிலதுக்கு மட்டும் ஒருநாள் பரோல்.

"அப்ப திருட்டுக் குடுக்கச் சொல்றியா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தானில் 2006-ல் களவுபோன சிலைகளைப் பற்றி 2008-ல்தான் வெளியே தெரிந்தது. அந்த நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிவிட்டது. 2014-ல்தான் திரும்பி வந்தார். இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை என்றால், அந்த வாசலுக்கு யாரும் போகவில்லை என்றுதான் அர்த்தம். விளக்கு அணைந்தது முதல் திருட்டு. பூட்டை உடைத்தது இரண்டாவது.

ஸ்ரீபுரந்தான் நடராஜரை அடையாளம் காட்டியது பூட்டல்ல. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். பாக்தாத்திலும் இதே பாடம்தான். 2003 ஏப்ரலில் ஈராக் தேசிய அருங்காட்சியகத்தில் சுமார் 15,000 பொருள்கள் கொள்ளைபோயின. பதிவும் படமும் இருந்தவற்றை உலகச் சந்தையில் அடையாளம் காண முடிந்தது. வார்க்கா ஜாடி சில வாரங்களிலேயே திரும்பியது. உம்மா, இசின் போன்ற பழைய நகர மேடுகளில் நேராக மண்ணிலிருந்து தோண்டி எடுத்த களிமண் பலகைகளுக்கு எந்தப் பதிவும் கிடையாது. அவற்றைக் களவு என்று நிரூபிக்கவே முடிவதில்லை. அங்கேயும் தோண்டியவர்களில் பலர், பொருளாதாரத் தடையிலும் போரிலும் பிழைப்பு இழந்த கிராமத்து ஜனங்கள். லாபம் அவர்களுடையதல்ல.

அப்படியானால் 'சாமியை ஊருக்கே திருப்பிக் கொடு' என்று கோஷம் போட்டால் போதுமா? எந்த ஊர்? டெல்டாவில் ஊர் வேறு, சேரி வேறு. திருப்புன்கூரில் நந்தனுக்காக நந்தி விலகியது என்கிறது புராணம். விலகியது நந்திதான், கோயில் வாசலில் போட்டிருந்த தடை அல்ல. தன்னை உள்ளே விடாத கோயிலின் சாமியை ஒரு கூலி ஏன் காவல் காக்க வேண்டும்? பாரம்பரியம் பேசும் நம் எழுத்தாளர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள்.

எனவே பாதுகாப்பு என்பதைப் பூட்டிலிருந்து பிரித்து யோசிக்க வேண்டும். ஒவ்வொரு ஊரின் திருமேனிகளுக்கும் அளவோடும் அடையாளத்தோடும் படம் எடுத்து, அந்தப் பதிவு அலமாரிக்குள் போய்விடாமல் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் பள்ளிக்கூடத்திலும் சேரியிலும் தொங்கட்டும். கோயில் நிலத்தின் குத்தகை வருமானம் அந்தக் கோயிலின் விளக்குக்கும் காவல்காரர் சம்பளத்துக்கும் முதலில் போகட்டும். கண்டெடுப்பவரைக் கைதியாக்காமல் சாட்சியாக்கும் சட்டம் வரட்டும். வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும்.

இவை நடக்காதவரை மீட்பு என்பது சாமியை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாற்றுவதுதான். விளக்கு யார் போடுவது என்ற கிழவியின் கேள்வி அப்படியே இருக்கிறது.