அரசகுமரன் உவமை: அத்துவைதமும் சைவ சித்தாந்தமும் காட்டும் ஆன்ம வளர்ச்சி

முன்னுரை

மனிதனுள் முழுமை முன்னரே உறைந்துள்ளது. அதனை வெளிப்படுத்துவதே ஆன்ம வளர்ச்சி என்னும் கருத்து, விவேகானந்தரின் இராஜயோக நூல் (1896) வெளிவந்த பின்னர்ப் பரவலாக அறியப்பெற்றது. இதனை இந்திய மெய்யியல் நெறிகள் அனைத்திற்கும் பொதுவான கொள்கையாகக் கொண்டு, சைவ சித்தாந்த நூல்களுக்கும் இவ்வாறே பொருளுரைக்கும் போக்குக் காணப்படுகின்றது. இப்போக்கு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை, இரு நெறியினரும் எடுத்தாண்ட ஓர் உவமையின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கரர் காட்டும் அரசகுமரன்

பிருகதாரணியக உபநிடதத்தின் இரண்டாம் அத்தியாயம், முதற் பிராமணத்திற்கு வரைந்த உரையில் சங்கரர் இவ்வுவமையைக் கூறுகின்றார். பிறந்தவுடன் பெற்றோரைப் பிரிந்த அரசகுமரன் வேடர் மனையில் வளர்கின்றான். தன்னை வேடனென்றே கருதி அவர் தொழிலையே செய்கின்றான். உண்மையறிந்த அருளாளர் ஒருவர் அவன் பிறப்பை உணர்த்துகின்றார். உணர்ந்த அளவில் வேடன் என்னும் எண்ணம் நீங்குகின்றது.

இங்குப் புதிதாக ஒன்றும் ஆக்கப்படவில்லை. குமரன் என்றும் அரசகுமரனே. தடையாக நின்றது அறியாமை மட்டுமே. ஆதலின் அதனை நீக்க அறிவு போதுமானது. உணர்த்தியவர் செய்தி கூறுபவரேயன்றி அவனை மாற்றுபவர் அல்லர். 'தத்துவோபதேசம்' என்ற அளவில் சாங்கிய சூத்திரத்தின் நான்காம் அத்தியாயமும் இவ்வுவமையைச் சுட்டித் தொடங்குகின்றது.

சித்தியார் செய்த மாற்றம்

கி.பி. 13ஆம் நூற்றாண்டினதாகிய சிவஞானபோதத்தின் எட்டாம் நூற்பாவில் மெய்கண்டார், ஐம்புலன்களை வேடராக உருவகித்து, உயிர் அவரிடை வளர்ந்து மயங்கியதைக் குறிப்பிடுகின்றார். நூற்பாவில் அரசகுமரன் வெளிப்படையாக இடம்பெறவில்லை. அருணந்தி சிவாசாரியாரே சிவஞான சித்தியார் சுபக்கத்தின் எட்டாம் சூத்திர முதற்பாடலில் உவமையை விரித்துரைக்கின்றார். அவ்விரிவில் இரண்டு மாற்றங்கள் நோக்கத்தக்கன.

ஒன்று, உணர்த்த வருபவர் மூன்றாமவர் அல்லர். தந்தையாகிய மன்னனே நேரில் வந்து மகனை அழைக்கின்றான். மற்றொன்று, சொல்லுதலோடு அவன் செயல் முடிவதில்லை. வேடரினின்று பிரித்தல், தன் தன்மையைத் தருதல், பேணுதல் எனத் தொடர்கின்றது. உவமேயத்திலும் இறைவன் குருவாக வந்து மலத்தை அகற்றி, உயிரைத் தானாக்கித் தன் திருவடிக்கீழ் வைக்கின்றான். ‘தானாக்குதல்’ ஒருமையையும், ‘அடிக்கீழ் வைத்தல்’ உயிரின் தனியிருப்பையும் ஒருங்கே காக்கின்றன. மெய்கண்டார் கூறும் ‘அன்னியமின்மை’யின் விளக்கமாக இதனைக் கொள்ளலாம்.

மாற்றத்தின் காரணம்

இம்மாற்றம் புலவரின் கற்பனை நயம் கருதியது மட்டுமன்று. ஆணவ மலக் கொள்கையின் விளைவாகும். செம்பிற் களிம்பு போல ஆணவம் உயிரோடு தொன்மையிலேயே உள்ள பொருள், தோற்ற மயக்கமன்று. களிம்பு உண்டு என்று அறிவதனாலேயே செம்பு தூய்மையாகிவிடாது. எனவே செய்தி கூறுபவர் போதாது, நீக்குபவர் வேண்டும்.

உயிரின் ஆற்றலும் இந்நெறியில் வேறாக விளக்கப்படுகின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. வேடரைச் சார்ந்தால் வேடராகவும், இறைவனைச் சார்ந்தால் சிவமாகவும் விளங்குவது. கண்ணிற்குக் காணும் ஆற்றல் உண்டெனினும் ஒளியின்றி அது செயற்படாமை போன்றது இது. ஆகவே மனிதனின் உள்ளாற்றல் என்பது சித்தாந்தத்தில் மறைந்துள்ள முழுமையன்று. முழுமையைப் பெறத்தக்க தகுதியே ஆகும்.

அங்ஙனமாயின் முயற்சிக்கு இடமில்லையோ என்னும் வினா எழும். ஞானம் நிகழ்வதற்கு முற்செய் தவத்தை மெய்கண்டார் வேண்டுகின்றார். சரியை, கிரியை, யோகம் ஆகியவற்றையே அத்தவமாக உரையாளர் கொள்வர். முயற்சி பக்குவத்தைத் தரும். வீட்டைத் தருவது அருளே. எனினும், மகனும் தந்தையும் ஓரினத்தவர் ஆதலின், இவ்வுவமை தன்னளவில் அத்துவைதத்திற்கே எளிதில் இசைகின்றது என்பதை மறுத்தற்கில்லை. அருணந்தியார் அதனைத் திருவடியில் முடித்தது அவ்விசைவைத் தடுப்பதற்கே எனலாம்.

முடிவுரை

ஒரே உவமை இரு நெறிகளில் இருவேறு மனிதரைக் காட்டுகின்றது: ஒருவன் தன்னை அறிந்து நிறைபவன், மற்றவன் தன்னைத் தேடி வந்தவனைச் சார்ந்து நிறைபவன். இரண்டையும் ‘உள்ளுறை தெய்விகம்’ என்னும் ஒரே தொடரால் விளக்கின் சித்தாந்தத்தில் மலமும் குருவும் அருளும் பொருளிழக்கும். பொதுமை காணும் முயற்சி, வேறுபாடுகளை அறிந்த பின்னரே பயனுடையதாகும்.