வந்தாளா, வந்ததா? – அமானுடக் காதற்கதையும் வினைமுற்று விகுதியும்

காதற்கதை வாசகரின் சுவை, சமகால இல்லறக் கதைகளிலிருந்து யட்சி, மாந்திரிகம் முதலியவை இடம்பெறும் அமானுடக் கதைகளுக்கு மாறுவது பல மொழிகளிலும் காணப்படும் போக்காகும். ஆங்கிலத்தில் 2005-இல் வெளிவந்த ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவலுக்குப்பின் இப்போக்கு உலகளவில் கவனம் பெற்றது. இதனைச் சுவையின் வீழ்ச்சி என்றோ, நடப்புலகிலிருந்து தப்பியோடுதல் என்றோ கூறிக் கடந்து செல்லும் திறனாய்வாளர் உளர். அவ்விளக்கங்கள் போதா என்பதையும், இச்சுவை மாற்றம் மொழிபெயர்ப்பாளர்முன் ஓர் இலக்கணச் சிக்கலை வைக்கிறது என்பதையும் தமிழ்–மலையாள எல்லைப்புறத்தை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வட்டாரமும் வாசிப்பும்

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எனினும் கள்ளிக்காடு, பாறசாலை முதலிய ஊர்கள் அமைந்த அவ்வட்டாரத்தில் ஆட்சி எல்லையே மொழி எல்லையாகவும் அமைந்துவிடவில்லை. கள்ளிக்காட்டின் பெயரை ஒத்த பெயருடைய கள்ளியங்காடு நாகர்கோவிலை அடுத்துள்ள வேறோர் ஊர். முன்னது சாரியையின்றி வல்லெழுத்து மிக்கது. பின்னது மரப்பெயர்களுக்குரிய ‘அம்’ சாரியை பெற்றது. இரண்டாவது ஊரின் பெயரோடு இணைந்தவளே கள்ளியங்காட்டு நீலி. சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ (1891) காதலையும் யட்சிக் கதையையும் ஒரே நாவலுக்குள் கொண்டுவந்தது. ஆகவே இவ்விரண்டின் சேர்க்கை இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று.

இங்கு இருமொழி வாசகி ஒருவரைக் கருதிப்பார்க்கலாம். முட்டத்து வர்க்கியின் ‘பாடாத்த பைங்கிளி’ (1955) வழிவந்த கதைகளையும், தமிழில் ரமணிசந்திரனின் குடும்பக் காதற்கதைகளையும் படித்துவந்த அவர், மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் ‘யட்சி’ (1967), கோட்டயம் புஷ்பநாத்தின் மாந்திரிகக் கதைகள், இந்திரா சௌந்தர்ராஜனின் அமானுடக் கதைகள் ஆகியவற்றை நோக்கி நகர்கிறார் எனக் கொண்டால், அவர் விட்டது எது, பெற்றது எது என்பதே வினா.

2. ஐயத்தின் இடமாற்றம்

அவர் காதலை விட்டுவிடவில்லை. ஐயத்தின் இடமே மாறியுள்ளது. இல்லறக் காதற்கதையில் ஐயம் நிகழ்ச்சியைப் பற்றியது: இவர்கள் சேர்வார்களா, மாட்டார்களா? முடிவு முன்பே தெரிந்திருப்பினும் அதனை அடையும் வழி வாசகியை ஈர்க்கிறது. அமானுடக் காதற்கதையிலோ ஐயம் ஆளைப் பற்றியது: அன்பு செலுத்துவது யார்? ‘யட்சி’யின் நாயகன், ஆய்வுக்கூட விபத்தில் முகம் சிதைந்த வேதியியல் விரிவுரையாளன். தன்னை விரும்பி ஏற்ற ராகினி மானிடப் பெண்தானா என அவன் ஐயுறுகிறான். தன்னை ஒருத்தி விரும்பக்கூடும் என்பதை நம்பவியலாமையே அவ்வையத்தின் வேர். இது தப்பியோடுதல் அன்று. இல்லறக் கதை கேளாமல் விட்ட வினாவைக் கேட்பதாகும்.

3. விகுதி தரும் இழப்பு

முதல்வகை ஐயம் மொழிபெயர்ப்பில் பெரிதும் சேதமுறுவதில்லை. அது கதைப்பின்னலில் உள்ளது. இரண்டாம் வகையோ வினைமுற்றைச் சார்ந்துள்ளது. மலையாளம் பால், இடம் காட்டும் வினைவிகுதிகளை இழந்த மொழி. ஏ. ஆர். ராஜராஜவர்மா ‘கேரளபாணினீய’த்தில் (1896) இதனைப் ‘புருஷபேத நிராஸம்’ எனக் குறித்தார்.

“வாதில்க்கல் வந்நு நிந்நு, சிரிச்சு” என எழுவாயின்றி ஒரு மலையாளத் தொடரை அமைத்துக் கொண்டால், வந்தது ஆணா, பெண்ணா, அஃறிணையா என்பது தெரியாது. தமிழிலோ ‘சிரித்தாள்’, ‘சிரித்தான்’, ‘சிரித்தார்’, ‘சிரித்தது’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ‘சிரித்தாள்’ என்றால் பெண் என்பது உறுதி. ‘சிரித்தது’ என்றால் பேய் என்பது உறுதி. ஒரு பக்கம் நீளவேண்டிய ஐயம் ஒரே விகுதியில் முடிந்துவிடுகிறது. ‘ஓர் உருவம் வந்தது’ என்னும் வழக்கமான உத்தியும் உதவாது. ‘உருவம்’ என்னும் சொல்லே இன்று பேயை அறிவிக்கும் குறியாகிவிட்டது.

பெயர்ச்சொல் தேர்விலும் இத்தகைய இடர் உண்டு. யட்சி, இயக்கி, இசக்கி என்பன ஒரே சொல்லின் வடிவங்கள். எனினும் குமரி மாவட்டத்தில் இசக்கி வழிபடப்பெறும் தெய்வம். மலையாள ‘யட்சி’யை ‘இசக்கி’ எனப் பெயர்த்தால் காமமும் அச்சமும் கலந்த உணர்வு விலகிப் பக்தி முன்வந்துவிடும்.

4. விகுதி தரும் ஆதாயம்

தமிழிடம் வழிகளும் உள. முதலாவது, வினையெச்சத் தொடர். ‘வந்து, நின்று, தலைசாய்த்துச் சிரித்து’ என எச்சங்களை அடுக்கினால் முற்று தள்ளிப்போகும். பால் மறைந்தே நிற்கும். இரண்டாவது, ‘சிரிப்பொலி எழுந்தது’, ‘கண்கள் அவனை அளந்தன’ என ஒலியையும் உறுப்பையும் எழுவாயாக்குதல். மூன்றாவது வழி மலையாள வினைமுற்றுக்கு வாய்க்காதது. பெயரும் வடிவும் தெரிந்தபின் ஐயம் பிறக்கும் ‘யட்சி’ போன்ற கதைகளில், ‘வந்தாள்’ என்றே சென்றுகொண்டிருந்த நடை, கணவனின் மனம் திரியும் கணத்தில் ‘வந்தது’ என மாறலாம். மனைவி அஃறிணையாகிவிட்ட கொடுமையை அவ்விகுதி ஒன்றே உணர்த்திவிடும்.

நீலியே தலைமை மாந்தராகும் ‘லோகா: சாப்டர் 1 – சந்திரா’ (2025) போன்ற மலையாளத் திரைப்படங்கள் தமிழிலும் ஒலிமாற்றம் பெறும் இக்காலத்தில் இச்சிக்கல் நூல்களோடு நிற்பதன்று. திரையில் உருவம் ஐயத்தைக் காக்கக்கூடும். அச்சில் விகுதியே காக்கவேண்டும்.

அமானுடக் காதற்கதையை மலிவானதென ஒதுக்கி விரைந்து மொழிபெயர்ப்பவர், வாசகி நாடிவந்த ஐயத்தையே முதல் வினைமுற்றில் பறித்துவிடுகிறார். வாசகியின் சுவை தாழ்ந்துவிட்டதாகக் கூறுமுன், அவர் கைக்கு வந்த மொழிபெயர்ப்பு எதனை இழந்து வந்தது என்பதை ஆராய்வது திறனாய்வாளரின் கடன்.